வெறுவிளை

கப்பலில் ஒருவரும் என்னை ஜெனிஸ்டன் என்று கூப்பிட்டதில்லை.
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
அப்பா பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன்.
ஆகையால் ஒன்பது மாதம்
"தாசையன், தொட்டியைக் கழுவு"
"தாசையன், ரெண்டாம் பம்பு ஒழுகுது".
கருங்கல் சந்தையில் மரச்சீனி எடைபோட்டு,
கடலில் கால் நனைக்காமலே செத்துப்போன மனுசன்
என் சட்டைக்குள் நின்று
எஸ் சார், எஸ் சார் என்றார்.

தலைமை இன்ஜினியர் ஈவர் ஓடெகோர்,
நார்வேக்காரர்.
ராத்திரி வாட்சில் கை துடைத்துக்கொண்டே கேட்டேன்,
ஓடெகோர்ன்னா என்ன சார்?
ஆளில்லாத பண்ணை, என்றார்.

கொள்ளைநோய் வந்து
ஊரூராகத் துடைத்துப்போன காலமாம்,
அறுநூறு எழுநூறு வருசம் முன்னே.
கதவடைக்க ஒரு கை மிஞ்சாமல்
வீடுகள் திறந்தே கிடந்தன.
அடுப்படியில் மரம் முளைத்தது.
நெடுநாள் கழித்து எவனோ வந்து
காட்டை வெட்டி வாற்கோதுமை விதைத்தான்.
அவன் பெயர் நிலத்தில் ஒட்டவில்லை.
நிலத்தின் பெயர் அவன்மேல் ஒட்டிக்கொண்டது.

"அப்போ எங்க ஊர்ல நீங்க வெறுவிளை ஆக்கும்."
வெருவிலா, என்று சொல்லிப்பார்த்தார்.
இன்ஜின் சத்தத்தில் அதுவே போதுமாயிருந்தது.

விளை என்றால்?
எதைச் சொல்ல.
கல்குளம், விளவங்கோடு ரெண்டு தாலுகாவிலும்
தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு விளையில்தான் விழவேண்டும்.
பிலாவிளை, காஞ்சிரவிளை,
நரி போனதையே யாரும் பார்க்காத நரிவிளை.
தபால்காரர் ஆளைத் தேடமாட்டார்,
விளையைத்தான் தேடுவார்.

நாங்கள் அயனிவிளை.
அயனி மரம் கிடையாது, ரப்பர்தான்.
அப்பா அதை விலைக்கு வாங்கினார்.
விற்றவர்கள் ஆரல்வாய்மொழிக்குப் போய்
புதுவீட்டு கேட்டில் பெயின்டில் எழுதினார்கள்: அயனிவிளை.
காற்றாடி சுற்றுகிற பொட்டலில்.
அவர்கள் மகளுக்கு வந்த வேலை உத்தரவு
எங்கள் வீட்டுக்கு வந்து
பதினொரு நாள் பைபிளுக்குள் இருந்தது.
அம்மா வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான்
நான் இன்றுவரை சொல்கிறேன்.

நிலத்தை விற்கலாம், சரி.
பெயரை யார் பத்திரத்தில் எழுதினார்கள்?

ஈவர் சிரித்தார். பிறகு சொன்னார்:
அவருடைய தாத்தாவின் அப்பா பிறந்தது பாக்கன் பண்ணை,
பாக்கன் என்றால் மேட்டுச்சரிவு.
கட்டியது ஓடெகோர்க்காரியை.
ஒரு பெட்டி, ஒரு பசு,
மேட்டிலிருந்து இறங்கி அவள் பண்ணைக்குப் போனார்.
அடுத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது
சர்ச் புத்தகத்தில் அவர் ஓடெகோர்.
"யாரும் கேலி பண்ணலியா?"
"எதற்கு?" என்றார்.

நான் பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
கல்யாணம் முடிந்து மூன்றாம் வாரம்
ரெஜினியின் சூளைவிளைக்குக் குடிபோனவன் நான்.
அவளுக்கு அங்கே எட்டு சென்ட், ஒரு கிணறு,
படுக்கையில் கிடக்கும் ஒரு அப்பன்.
டீக்கடையில் ஒருத்தன் கேட்டான்,
"லேய், பெட்டியும் கெட்டிட்டு எங்க, புகுந்த வீட்டுக்கா?"
அந்தக் கடையில் பிறகு நான் டீ குடிக்கவில்லை.

பின்னால் சட்டம் வந்ததாம்,
எல்லோருக்கும் மாறாத ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்று.
நாற்காலி ஆட்டத்தில் பாட்டு நின்றதுபோல
அவரவர் நின்ற பண்ணையில் பெயர் உறைந்தது.
அப்பன் பெயரைப் போட்டவர்களும் உண்டு, உன்னைப்போல, என்றார்.
இப்போது ஈவருக்கு பெர்கனில் மூன்றாம் மாடி.
மண் என்று பார்த்தால்
ஜன்னலில் ஒரு தொட்டி புதினா.

ஊருக்கு வந்ததும் மார்த்தாண்டத்தில்
பாஸ்போர்ட் எழுதித் தருகிறவரிடம் போனேன்.
குடும்பப் பெயரை மாற்றணும், சூளைவிளை.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"அது இடமில்லியா தம்பி?"
ஆமா.
"பிரமாணப் பத்திரம் வேணும், பேப்பர்ல விளம்பரம், கெசட்.
செலவாகும்."
ஆகட்டும்.
அப்பாவை இனியும் தொட்டி கழுவ அனுப்ப முடியாது,
என்று சொல்லவில்லை.

பாலத்துக்கு அடியில் ஆட்டோ நின்றது.
மழை தூறியது. பெட்டியை உள்ளே தள்ளினேன்.
"எந்த விளைக்கு?" என்றான் பையன்.

சொன்னேன்.